பட்டப்பகலில் ஒரு விளக்கு

பகலில் விளக்கேற்றுவது வீண் செலவுக்கும் பேதைமைக்கும் உவமையாக நம்மிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. கதிரவன் தலைக்கு மேல் நிற்கையில் கையில் விளக்குடன் ஒருவன் தெருவில் நடந்தால், அவன் ஞானியாக இருக்க வேண்டும், இல்லையேல் பித்தனாக இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த உவமை இன்று பொருளிழந்து போயிற்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் புதிதாக வரும் இருசக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்படி அமைத்துவிட்டார்கள். அணைப்பதற்கென்று ஸ்விட்ச் இல்லை. புதிய கார்கள் பலவற்றிலும் முகப்பின் இரு ஓரங்களில் வெண்கீற்றாக ஒரு பகல் விளக்கு சுடர்கிறது. நண்பகலில் நம் கடைத்தெருவைக் கடந்து செல்லும் விளக்குகளை எண்ணப் புகுந்தால் எண்ணி மாளாது.

அணைக்க முடியாதபடி ஒன்றை அமைத்தால், அதை அணைத்துப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் பிறந்துவிடுகிறது. இந்த ஆசையை நிறைவேற்றித் தருவதே ஒரு சிறு தொழிலாகவும் வளர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்கியதும் விளக்குக்கு மின்சாரம் நேரே செல்லும்படி வண்டியில் வயர் ஓடுகிறது. அந்த வயரை ஓரிடத்தில் வெட்டி, இரு முனைகளையும் ஒரு சிறு ஸ்விட்சின் இரு கால்களில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கைப்பிடியின் அருகே ஒரு துளையிட்டு அதைப் பொருத்திக்கொள்கிறார்கள். பழைய மாடல் வண்டியின் ஸ்விட்ச் பெட்டியையே வாங்கி மாட்டிக்கொள்வோரும் உண்டு. மெக்கானிக்கிடம் போனால் அரை மணி நேர வேலை. செலவு ஓரிரு நூறு ரூபாய். கைத்திறன் உள்ள இளைஞர்கள் மெக்கானிக்கை நாடுவதுமில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். கார் வைத்திருப்போருக்கு இன்னும் எளிது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து அதற்குரிய ஃபியூஸைப் பிடுங்கினாலும், விளக்கின் முதுகில் உள்ள கனெக்டரைக் கழற்றினாலும் கீற்று அணைந்துவிடும்.

இந்த விளக்கு வந்த புதிதில் நம் ஊர்களில் நிகழ்ந்த ஒரு காட்சியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எதிரே வருபவர் தம் வலக்கையை உயர்த்தி, விரல்களை மலர்த்தியும் குவித்தும் காட்டுவார். ‘உம்முடைய விளக்கு எரிகிறது, அணைத்துக்கொள்ளும்’ என்பது அதன் பொருள். தேநீர்க் கடையில் நிற்பவர் கூவிச் சொல்வார். பள்ளிச் சிறுவர்கள் ஓடிவந்து சொல்வார்கள். பேருந்தின் படியில் தொங்கும் நடத்துநர் கூடச் சொல்வார். முன்பின் அறியாத ஒருவருடைய பேட்டரி வீணாகிறதே என்று ஊரே கவலைப்பட்ட காலம் அது. புதுவண்டிக்காரர் நாளொன்றுக்கு இருபது பேருக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. அலுத்துப்போய் ஸ்விட்ச் வைத்துக்கொண்டோர் பலர் என்று ஒரு மெக்கானிக்கே நம்மிடம் சொன்னார். பிறர் நலம் கருதிச் சொன்ன சொல்லே, பிறர் நலத்துக்காக வைத்த விளக்கை அணைக்கக் காரணமாயிற்று என்பது வியப்புத்தான். ஆயினும் அந்தக் கைச்சாடையை நாம் இகழ மாட்டோம். அயலான் இழப்பைத் தன் இழப்பாகக் கருதும் மனம் இன்னும் தெருவில் நடமாடுகிறது என்பதற்கு அது சான்று. இப்போது அந்தச் சாடை குறைந்துவிட்டது. விளக்கு பழகிப்போயிற்று.

நம் மகன் சென்ற ஆண்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினான். வாங்கிய மாதமே ஸ்விட்ச் வைக்க வேண்டும் என்று தொடங்கிவிட்டான். அவன் டிப்ளமா படித்தவன். வாதம் செய்யத் தெரிந்தவன். மத்ரஸாவில் மன்திக் என்னும் தர்க்க நூலை ஓதியவர்கள் நாம் என்ற மிதப்பில் அவனை எளிதாக மடக்கிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

“பகலில் எனக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது, வாப்பா. பிறகு எதற்கு விளக்கு? இரவில் நம் தெருவுக்குள் வந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்திலெல்லாம் வெளிச்சம் அடிக்கிறது. பள்ளிவாசல் முன்னால் நின்றால் உள்ளே தொழுகிறவர்கள் சுவரில் என் வெளிச்சம்தான். இது பனி மூடிய நாட்டுக்காரன் கண்டுபிடித்தது. நம் வெயிலுக்கு இது தேவையா?” என்றான்.

நிற்கும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டால் விளக்கும் அணைந்துவிடும் என்று மட்டும் அப்போதைக்குச் சொல்லி வைத்தோம். மற்றவற்றுக்கு விடை சொல்லச் சில நாள் தவணை கேட்டோம். ஒரு ஆசிரியன் தன் மகனிடம் தவணை கேட்பதில் இழுக்கில்லை.

அந்த நாட்களில் நம் மனம் முதலில் போய் நின்றது சொல் ஆராய்ச்சியில்தான். பழக்கம் விடுமா? தமிழில் ‘விளங்கு’ என்பது தன்வினை. தானே தெரிவது, துலங்குவது. ‘விளக்கு’ என்பது பிறவினை. மற்றொன்றைத் தெரியச் செய்வது. இந்தப் பிறவினையே பெயராகி அகல் முதல் மின்விளக்கு வரை எல்லாவற்றுக்கும் ஆயிற்று. இருளில் பொருள்களை நமக்கு விளக்கிக் காட்டுவதால் அது விளக்கு. நம் மகன் பேசியது இந்த விளக்கைப் பற்றி. ‘எனக்குச் சாலை தெரிகிறது’ என்றானல்லவா? வண்டியின் பகல் விளக்கோ இந்த வகையைச் சேர்ந்ததன்று. அது எதையும் விளக்குவதில்லை. வண்டி விளங்குவதற்காக எரிகிறது. ஓட்டுபவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. எதிரே வருபவனுக்கும், சாலை ஓரத்தில் நிற்பவனுக்கும் அது சொல்லும் சேதி ‘இதோ ஒருவன் வருகிறான்’ என்பது மட்டுமே. பெயர்தான் விளக்கு, தொழில் விளங்குதல்.

அரபியில் நண்பகலை ‘ளுஹ்ர்’ என்கிறோம். வெளிப்படையானது என்னும் பொருளுள்ள ‘ளாஹிர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. எல்லாம் வெளிப்பட்டு நிற்கும் வேளை என்று நாம் நண்பகலை எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வெளிப்பட்டு நிற்பதெல்லாம் பார்வையில் படுவதில்லை.

நாம் ஓதிக்கொடுக்கும் பொருட்டு வாரத்தில் சில நாள் அதிராம்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வதுண்டு. காலையில் போகும்போது கிழக்கு நோக்கிய பயணம். மாலையில் திரும்பும்போது மேற்கு நோக்கிய பயணம். ஆக, இரு வேளையும் கதிரவன் நம் கண்ணுக்கு நேரே நிற்கிறான். எதிரே வரும் வண்டி வெளிச்சத்துக்கு முன் ஒரு கரும்புள்ளியாகத்தான் தோன்றும். உப்பளங்களின் வெண்பரப்பு கண்ணைக் கூசச் செய்கிறது. அதைக் கடந்தவுடன் மரநிழல். வெயிலும் நிழலும் கோலமிட்டது போல் கலந்து கிடக்கும் சாலையில், கறுப்புச் சட்டை அணிந்து கறுப்பு வண்டியில் வருகிறவனை அந்தக் கோலம் விழுங்கிவிடுகிறது. விளக்கு எரிகிற வண்டி மட்டும் தொலைவிலேயே தனித்துத் தெரிகிறது. இதை எந்த நூலிலும் படிக்க வேண்டியதில்லை. ஒரு மாலை அந்தச் சாலையில் நின்று பார்த்தால் போதும்.

நேர் எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு குணமும் உண்டு. குறுக்கே போகும் பொருள் கண்ணில் இடம் மாறுகிறது; அதனால் கண் அதைப் பற்றிக்கொள்கிறது. நம்மை நோக்கி வருவதோ ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகிறது. தொலைவில் உள்ள வரை அந்தப் பெருக்கம் புலப்படுவதே இல்லை. நெருங்கிய பின்னர் திடீரென்று பொங்கி எழுகிறது. லாரிக்கும் பேருந்துக்கும் அகன்ற முகம் உண்டு. இருசக்கர வண்டிக்கு முகமே ஒரு முழம்தான். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டதாக அரசு வெளியிட்ட கணக்கு கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

இந்தப் பொருளில் நமக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். நம் ராத்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றொன்றை ஒத்திப்போட்டு வருகிறார். சாலைக்கு அப்பால் அவருடைய மகள் வீடு. அஸர் தொழுதுவிட்டு மகள் வீட்டுக்குப் போவது அவருடைய அன்றாட வழக்கம். இரண்டாண்டுக்கு முன் ஒரு மாலை இரு புறமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மேற்கிலிருந்து, சூரியனை முதுகில் சுமந்துகொண்டு, மரநிழலுக்குள்ளிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் பிரேக்கை அழுத்தி வண்டியைச் சாய்த்துத் தானும் விழுந்தான். இடித்தது கைப்பிடியின் நுனி மட்டுமே. ஆனாலும் ராத்தா விழுந்ததில் இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்றும் அந்தக் கையால் அவர் குடம் தூக்குவதில்லை.

ஓட்டி வந்தவன் நம்மிடம் மாலை வகுப்பில் அரபி ஓதும் மாணவன். மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டு நின்றான். “மாமி பார்த்துட்டுத்தான் இறங்குனாங்க, ஆலிம்சா. என்னைப் பார்த்தாங்கன்னுதான் நெனச்சேன்” என்றான். ராத்தா சொன்னதோ வேறு: “நான் பார்த்தப்ப வண்டியே வரல தம்பி.” இருவருமே பொய் சொல்லவில்லை. அவன் வண்டியில் ஸ்விட்ச் வைத்திருந்தான்; விளக்கு அணைந்திருந்தது.

விளக்கு எரிந்திருந்தால் அது நேர்ந்திருக்காது என்று அறுதியிட்டுச் சொல்ல நமக்குத் துணிவில்லை. நம் மகனும் அதைத்தான் சொல்கிறான்: “அவன் வேகமாக வந்தான், வாப்பா. வேகத்துக்கு விளக்கு என்ன செய்யும்?” வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஏழு மீட்டர் அகலமுள்ள தார்ச்சாலையைக் கடக்க ராத்தாவுக்கு எட்டு நொடியாவது வேண்டும். அதற்குள் வண்டி 130 மீட்டர் ஓடி வந்துவிடும். எனவே அவர் காலை எடுத்து வைக்கும்போது, 130 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு முழ அகல முகத்தை, புரை படர்ந்த கண்ணால், சூரியனுக்கு நேரே நோக்கிக் கண்டுகொண்டாக வேண்டும். இதுதான் கேள்வி. வேகத்தைக் குறைத்தால் இந்தத் தொலைவு குறையும். விளக்கை ஏற்றினால் இந்தத் தொலைவிலும் தெரிய வாய்ப்புண்டு. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

பனி நாட்டுக்காரன் கண்டுபிடித்தது என்று மகன் சொன்னதில் உண்மை உண்டு. பின்லாந்தில் 1972ஆம் ஆண்டிலேயே குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே செல்லும் வண்டிகள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்று விதித்தார்கள். சுவீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும் அதை விதியாக்கியது. கனடா, 1989 டிசம்பருக்குப் பின் உற்பத்தியாகும் புதுக் கார்களில் பகல் விளக்கு இருந்தே தீர வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதுவகைக் கார்களுக்கு அதே கட்டளையை இட்டது. இவை யாவும் சூரியன் தாழ்ந்து கிடக்கும் நாடுகளே.

ஆனால் நம் சபுராளிகள் நன்கறிந்த மண்ணில் நடந்தது என்ன? மலேசியாவில் 1992ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சிங்கப்பூரில் 1995இல் வந்தது. பினாங்கின் வெயில் நம் வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. அந்த முதல் ஆண்டுகளை ஆராய்ந்த மலேசிய அறிஞர்கள், ‘வண்டி கண்ணில் படாததால் நேரும்’ வகை விபத்துகள் நூற்றுக்கு 29 அளவில் குறைந்தன என்று கண்டார்கள். பனியில்லாத நாட்டிலும் பயன் இருந்திருக்கிறது. இதை மகனிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்தான்.

அவனும் வெறுங்கையோடு வரவில்லை. ஆஸ்திரியா நாடு 2005இல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கி 2008இல் அதைக் கைவிட்டுவிட்டது என்று மறுநாள் எடுத்து வந்தான். உண்மைதான். எல்லா வண்டிகளும் விளக்கோடு வந்தால், விளக்கில்லாத பாதசாரியும், சிறு விளக்குள்ள மோட்டார் சைக்கிளும் அந்த ஒளிக்கூட்டத்தில் மங்கிவிடுவார்கள் என்பது அங்கே எழுந்த எதிர்ப்பு. அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்றும், கார்களின் பகல் விளக்கால் மொத்தத்தில் திட்டமான பயன் புலப்படவில்லை என்று 2008இல் கூறியது. ஆகவே கார் விளக்கின் வழக்கில் இரு பக்கமும் சாட்சிகள் உண்டு. இருசக்கர வண்டியின் வழக்கில் சாட்சியம் ஒரு பக்கமாகவே சாய்கிறது. கூட்டத்தில் எல்லாரும் உரக்கப் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காது என்ற ஆஸ்திரியரின் வாதத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கூட்டத்தில் மெலிந்த குரலுடையவன் எவனோ அவனை வாய்மூடச் சொல்வது அதற்கு மருந்தாகாதே.

நம் அடுத்த வீட்டுக்காரர் துபாயில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவர், நல்ல மனிதர், புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். வெண்கீற்று விளக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. ‘கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி இருக்கிறது’ என்று ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். “என் கார், என் விளக்கு. யாருக்கு என்ன நட்டம், ஆலிம்சா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் பழைய விடை ஒன்று இருக்கிறது. அது வண்டியைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. ஒருவன் தன் வீட்டு மாடியிலிருந்து பொதுத்தெருவின் மேல் ஒரு முகப்பை நீட்டிக் கட்டலாமா என்ற பிரச்சினை. சுவர் அவனுடையது, மரம் அவனுடையது, கூலியும் அவன் கொடுத்தது. ஆனாலும் போகிறவர் வருகிறவருக்கு இடையூறு இல்லாத உயரத்தில் இருந்தாலன்றி அதற்கு இடமில்லை என்றனர் சட்ட அறிஞர்கள். அந்த உயரம் எது? தெருவில் மக்கள் நடந்துதான் போவார்கள் என்றால் ஒருவர் நிமிர்ந்து நடக்கும் உயரம் போதும். வணிகக் கூட்டங்கள் செல்லும் தெருவென்றால், முதுகில் கூண்டு கட்டிய ஒட்டகம், அந்தக் கூண்டின் மேற்கூரைக் கம்புகளோடு இடிக்காமல் கடந்து செல்லும் உயரம் வேண்டும். மாணவப் பருவத்தில் இந்தப் பாடத்தை ஓதும்போது, நம் ஊரில் ஒட்டகம் ஏது என்று சிரித்திருக்கிறோம். கட்டுகிறவன் தன் தலையை வைத்து அளக்கக் கூடாது. வரப்போகிற ஒட்டகத்தை வைத்து அளக்க வேண்டும் என்பதல்லவா அதன் சாரம்? காரும் நம்முடையது, ஃபியூஸும் நம்முடையது. விளக்கோ தெருவின் மேல் நீண்டு நிற்கும் பகுதி. அதை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்பதை ஓட்டுபவரின் கண்ணால் அளக்கக் கூடாது. கடக்கப் போகிறவரின் கண்ணால் அளக்க வேண்டும்.

இவ்வளவையும் அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “பயான் முடிஞ்சுதா ஆலிம்சா? டீ சொல்லட்டுமா?” என்றார். டீ நன்றாகவே இருந்தது.

கார்களின் பகல் விளக்கில் ஒரு குறை இருப்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பல கார்களில் அது முன்னால் மட்டும் எரியும், பின்விளக்கு எரியாது. மாலை மங்கும் நேரத்தில் முன்னே வெளிச்சம் தெரிவதால், எல்லா விளக்கும் எரிகின்றன என்று எண்ணி ஓட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பின்னால் வருகிறவனுக்கு அந்தக் கார் இருளில் இருள். கனடாவில் இவற்றுக்கு ‘பேய் வண்டிகள்’ என்ற பொருளில் ஒரு பெயரே வழங்கிற்று. 2021 செப்டம்பர் முதல் அங்கே புதுக் கார்களில் இதற்குப் பரிகாரம் செய்யும்படி விதி வகுத்துவிட்டார்கள். இங்கே அதற்குப் பரிகாரம், மஃரிபு பாங்கு கேட்குமுன் கையால் முழு விளக்கையும் போட்டுவிடுவதுதான்.

ஸ்விட்ச் வைத்த ஸ்கூட்டருக்கும் இதே அபாயம் இன்னொரு வடிவில் வருகிறது. தானே எரிகிற விளக்கை மறக்க முடியாது. கையால் போட வேண்டிய விளக்கை மறக்கலாம். தெருவிளக்குகள் பளிச்சென்று எரியும் கடைத்தெருவிலிருந்து கிளம்புகிறவன், ஊர் எல்லையைத் தாண்டி இருள் சூழ்ந்த பிறகே நினைவு கூர்கிறான். அப்போது ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டுமே! வெட்டி ஒட்டிய வயரின் முறுக்கை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி விட்டுவிடுகிறார்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடுகிறது. செம்புக் கம்பியின் முறுக்கு எம்மாத்திரம்? ஒரு மழைக்காலம் போதும், முறுக்கு பச்சை பூத்துவிடும். பகலில் அணைப்பதற்காகச் செய்த வேலை இரவில் தானாகவே அணைத்துவிடுகிறது. நம் மாணவனின் வண்டியில் பின்னர் பார்த்தபோது அந்த முறுக்கு அப்படித்தான் இருந்தது. சட்டமும் உண்டு. தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது; 2019இல் செய்த திருத்தத்தின்படி, அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் வரலாம், சிறையும் வரலாம். அபராதத்துக்கு அஞ்சி விளக்கெரிப்பது நமக்கு உவப்பான காரணமன்று. ஆகையால் இதை இத்துடன் விடுகிறோம்.

மகனோடு நடந்த வாதத்தில் எஞ்சி நின்றது ஒன்றுதான். அது மெய்யான குறை. வாசலில் அமர்ந்திருப்போர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது என்றானே, அது. அமெரிக்காவில் 1990களில் முகப்பு விளக்கையே சற்றுக் குறைத்துப் பகல் விளக்காக்கியபோது கண் கூசுகிறதென்று எத்தனையோ முறையீடுகள் எழுந்தன. ஐரோப்பிய விதியில் பகல் விளக்கின் ஒளி 400 கேண்டெலாவுக்குக் குறையாமலும் 1,200க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியதும், கண்ணில் பட வேண்டும், கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான். நம் ஸ்கூட்டரில் எரிவது தனிப் பகல் விளக்கன்று. இரவுக்கும் அதுவே முகப்பு விளக்கு. அது நிமிர்ந்து நின்றால் கூசத்தான் செய்யும். அப்படியென்றால் அதை அணைப்பதைவிடத் தாழ்த்துவதல்லவா வழி? தாழ்த்த முடியும் என்று மகனே சொன்னான். விளக்கின் அடியில் அதற்கென்று ஒரு திருகு இருக்கிறதாம். நமக்கு அது புதுச் செய்தி.

இஷா தொழுகைக்குப் பின் வண்டியை நம் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு எதிரே, சமதரையில் நிறுத்தினோம். ஆள் ஏறினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து விளக்கு நிமிரும் என்பதால், வழக்கமாகப் பின்னால் அமரும் மருமகளின் எடைக்கு ஈடாக நம்மையே உட்கார வைத்தான். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் விளக்கைப் போட்டான். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்கு ஒரு சாண் மேலே ஏறி நின்றது. கடையிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை பேர் முகம் சுளித்தார்களோ! திருகை மெல்லத் திருப்பி, விளிம்பு கோட்டுக்குக் கீழே இறங்கும் வரை தாழ்த்தினான். கால் மணி நேரமும் ஆகவில்லை, காசும் செலவில்லை. தன் கையாலேயே வண்டியில் ஒரு மாற்றம் செய்துவிட்ட நிறைவு அவன் முகத்தில் இருந்தது. ஸ்விட்சின் பேச்சை அவன் அன்று எடுக்கவில்லை.

அடுத்த வீட்டாரின் ஃபியூஸ், காரில் சில்லறை போட்டு வைக்கும் குழிக்குள் நாணயங்களோடு இன்னும் கிடக்கிறது. இரண்டு முறை கேட்டாயிற்று. மூன்றாம் முறை டீ குடிக்கப் போகும்போது கேட்போம்.

சுவரில் வெளிச்சம் விழுந்ததைக் கண்டு ராத்தா பின்கட்டிலிருந்து எழுந்து வந்தார். முறிந்து கூடிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். “கரண்டு இருக்கிறப்ப எதுக்குடா வண்டி லைட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? பேட்டரி போயிடப் போவுது” என்றார்.